தேர்தல் முடிவு எண்களைச் சரிபார்ப்பது எப்படி: சாவடித் தாளிலிருந்து மேலே

வாக்கு எண்ணும் நாளில் திரையில் ஓடும் எண், உங்கள் கண்ணுக்கு வருமுன் பல கை மாறியிருக்கும். எண்ணியவர் தாளில் எழுதுகிறார். இன்னொருவர் அதைக் கணினியில் ஏற்றுகிறார். தொகுதி அளவில் ஒருவர் கூட்டுகிறார். ஆணையத்தின் தளம் வெளியிடுகிறது. செய்தி நிறுவனம் எடுத்து மறுபடி போடுகிறது. கடைசியில் யாரோ அதை எக்ஸெலாக்கிப் பகிர, அந்தக் கோப்புதான் உங்களிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு கை மாற்றத்திலும் பிழை புக வழியுண்டு, மோசடி புகவும் வழியுண்டு. தேடினால் அகப்படுபவற்றில் பெரும்பகுதி பிழைதான். அதனால்தான் ஒரு வித்தியாசத்தைக் கண்டதும் கூச்சல் போடாமல், அது எந்தப் படியில் நுழைந்தது என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாக்குகள் சரியாக எண்ணப்பட்டனவா, எண்ணியவை சரியாகக் கூட்டப்பட்டனவா, கூட்டியவை உங்கள் கோப்பில் சரியாக ஏறியுள்ளனவா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு வாக்குச்சீட்டையே திரும்ப எடுத்துப் பார்த்தாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து விடை காண முடியாது. மற்ற இரண்டுக்கும் ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும்.

படி 1: மூலப் பிரதியைப் பூட்டி வையுங்கள்

கோப்பைப் பதிவிறக்கிய உடனே, திறந்து பார்ப்பதற்கு முன்பே, ஒரு பிரதி எடுத்துத் தனி அடைவில் வையுங்கள். அதில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. எடுத்த முகவரி, தேதி, மணி மூன்றையும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 சுருக்கக் குறியீட்டையும் கணக்கிட்டு அதே குறிப்பில் சேர்த்துவிட்டால், பின்னர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். இணையப் பக்கமாக இருந்தால், பக்கங்களின் பழைய நகல்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் ஏற்றிவிடுங்கள். முடிவுப் பக்கங்கள் எண்ணிக்கை நாளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். இறுதி அறிவிப்புக்குப் பிறகும் திருத்தங்கள் வரும். ‘நேற்று வேறு எண் இருந்தது’ என்று வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

படி 2: அடித்தாள் எது என்று கண்டுபிடியுங்கள்

எந்த நாட்டுத் தேர்தலானாலும் ஒரு காகித ஏணி இருக்கும். அதன் கடைசிப் படி, சாவடியிலோ எண்ணும் மேசையிலோ முகவர்கள் முன்னிலையில் கையெழுத்தான தாள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் அந்தத் தாள்களின் கூட்டல்.

கென்யாவில் இந்த ஏணி தெளிவாகத் தெரியும்: சாவடிக்குப் படிவம் 34ஏ, தொகுதிக்கு 34பி, நாட்டுக்கு 34சி. 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1-இல் ரத்து செய்ததில், இந்தப் படிவங்கள் மேலே அனுப்பப்பட்ட விதமும் அவற்றின் நம்பகத்தன்மையும் முக்கியப் பங்கு வகித்தன. பின்னர் 2022 தேர்தலில், சாவடிப் படிவங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூட்டிப் பார்க்கும்படி ஆணையம் இணையத்தில் ஏற்றியது.

இந்தியாவில் படிவம் 17சி-யின் முதல் பகுதி, வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை வாக்குச்சாவடி அலுவலர் எழுதும் கணக்கு. நகல் முகவர்களுக்கும் கிடைக்கும். இரண்டாம் பகுதி எண்ணும் நாளில் நிரப்பப்படும். சாவடிவாரியான இறுதித் தாள் படிவம் 20.

தாள் கைக்கு வந்ததும் எண்களுக்கு முன் தாளையே பாருங்கள். கையெழுத்து, முத்திரை, சாவடி எண், அடித்தல் திருத்தல், திருத்திய இடத்தில் சுருக்கொப்பம். மலாவியில் 2019 மே மாதத் தேர்தலின் முடிவுத் தாள்கள் பலவற்றில் எண்களின் மேல் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தபோது அந்த மையும் ஒரு காரணம். கூட்டல் சரியாக வருவதால் மட்டும் ஒரு தாள் நல்ல தாளாகிவிடாது.

அடித்தாளே வெளியிடப்படாத தேர்தலில் என்ன செய்வது? அங்கே ‘சரிபார்க்க இயலாது’ என்பதே உங்கள் முடிவு. ‘தவறு’ என்றும் எழுதாதீர்கள், ‘சரி’ என்றும் எழுதாதீர்கள்.

படி 3: கோப்பைச் சுத்தம் செய்யும்போது கோப்பைக் கெடுத்துவிடாதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் எக்ஸெலில் திறந்தால், ‘007’ என்ற சாவடிக் குறியீடு 7 ஆகிவிடும். ‘3-4’ என்ற எண் ஏப்ரல் மாதத் தேதியாகவோ மார்ச் மாதத் தேதியாகவோ மாறும். எந்த மாதம் என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. எனவே தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, குறியீட்டு நெடுவரிசைகள் எல்லாவற்றையும் ‘உரை’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னும் மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. ‘1,23,456’ என்பது எண்ணாக அல்லாமல் உரையாக ஏறியிருந்தால், கூட்டல் வாய்பாடு அதைத் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் எண்ணாக எத்தனை, உரையாக எத்தனை, காலியாக எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக நிரப்பவே கூடாது. ஒன்று ‘வாக்கு இல்லை’, மற்றது ‘தகவல் இல்லை’.

உங்கள் கூட்டல் அறிவித்த மொத்தத்தைப் போலச் சரியாக இரு மடங்கு வந்தால் பதற வேண்டாம். ‘மொத்தம்’ என்ற வரியும் சாவடி வரிகளோடு சேர்ந்து கூட்டப்பட்டிருக்கும்.

படி 4: கூட்டல் கழித்தல்

இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு சாவடி வரிக்கும் இந்த நான்கு கேள்விகள்:

வேட்பாளர்கள் பெற்றவை எல்லாம் கூடினால் செல்லத்தக்க வாக்கு வருகிறதா?
அதோடு செல்லாதவையும், ‘எவருமில்லை’ என்ற தெரிவு இருந்தால் அதுவும் சேர்ந்தால் பெட்டியில் இருந்த மொத்தம் வருகிறதா?
அந்த மொத்தம், வாக்களித்ததாகக் குறிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை மீறுகிறதா?
வாக்களித்தவர்கள் பட்டியலில் உள்ள வாக்காளர்களை மீறுகிறார்களா?

ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 942 பேர், வாக்களித்தவர்கள் 687. வேட்பாளர் அ 312, ஆ 274, இ 58, எவருமில்லை 9, செல்லாதவை 34. கூட்டினால் 687, சரி. இதே சாவடிக்கு உங்கள் கோப்பில் கூட்டல் 660 என்று வருகிறது. 27 குறைகிறது. 27-ஐ 9 வகுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கணக்குப்பிள்ளைகளின் பழைய உத்தி இது: வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பார்க்க வேண்டும். 27 வகுத்தல் 9 என்பது 3. ஆகவே அடுத்தடுத்து நிற்கும், தங்களுக்குள் 3 வித்தியாசமுள்ள இரு இலக்கங்களைத் தேடுங்கள். 274-இல் 7-உம் 4-உம் நிற்கின்றன. கோப்பில் 247 என்று ஏறியிருக்கிறது. பத்து நொடி வேலை. நூறும் பத்தும் இடம் மாறினால் வித்தியாசம் 90-இன் மடங்காக வரும். 100, 200 என்று முழு நூறாக வந்தால் கையெழுத்தில் 1-ஐ 7 என்றோ, 3-ஐ 8 என்றோ யாராவது படித்துவிட்டார்களா என்று பாருங்கள்; அப்போது வித்தியாசம் 600, 500 என்ற வகையில் நிற்கும்.

இரண்டின் அடுக்குகளையும் நினைவில் வையுங்கள். 2003 மே 18 அன்று பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு, வரவே முடியாத அளவுக்கு வாக்குகள் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணியபோது மிகையாக இருந்தவை சரியாக 4,096. அது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகத் திரும்பியதுதான் காரணம் என்று கருதப்பட்டது. விண்வெளியிலிருந்து வந்த துகள் அதைத் திருப்பியிருக்கலாம் என்பது பிரபலமான விளக்கம், அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பிழையைக் காட்டிக்கொடுத்தது எளிய தர்க்கம்: கட்சிப் பட்டியல் பெற்றதைவிட அதில் உள்ள ஒருவர் அதிகம் பெற முடியாது. அந்தந்தத் தேர்தல் முறையில் ‘வரவே முடியாத’ எண்கள் எவை என்று முதலில் பட்டியலிட்டு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

படி 5: சொல்லின் பொருளைச் சரிபார்த்த பிறகே எண்ணைச் சந்தேகியுங்கள்

இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், அவை ஒன்றையே அளக்கின்றனவா என்று கேளுங்கள். இந்தியத் தரவில் அடிக்கடி புயல் கிளப்புவது ‘பதிவான வாக்கு’க்கும் ‘எண்ணப்பட்ட வாக்கு’க்கும் உள்ள இடைவெளி. வாக்குப்பதிவுக்கு முன் ஒவ்வொரு மின்னணு வாக்குப்பதிவுக் கருவியிலும் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்த்து, பிறகு அழிக்க வேண்டும். அலுவலர் அழிக்க மறந்துவிட்டாலோ, கருவியின் மொத்தம் 17சி-யோடு ஒத்துவரவில்லை என்றாலோ அந்தக் கருவி ஒதுக்கி வைக்கப்படும். வெற்றி வித்தியாசம் அத்தகைய கருவிகளில் உள்ள வாக்குகளைவிடப் பெரிதாக இருந்தால் அவை எண்ணப்படாமலே போகும். ஆகவே ஒரு தொகுதியில் எண்ணப்பட்டது சில நூறு குறைவாக இருந்தால், முதலில் படிவம் 20-இல் எந்தச் சாவடி வரி காலியாக உள்ளது என்று பாருங்கள். ஒரு சாவடியில் மட்டும் 50-ஐ ஒட்டிய மிகை தென்பட்டால் அழிக்கப்படாத மாதிரி வாக்கைச் சந்தேகியுங்கள்.

தபால் வாக்கு இன்னொரு கண்ணி. அது சாவடி வரிகளில் இருக்காது. படிவம் 20-இன் அடியில் தனியாகச் சேரும். மக்களவைத் தொகுதியில் சட்டமன்றப் பகுதிவாரியாகத் தாள்கள் வருவதால், பகுதிகளைக் கூட்டினால் தபால் வாக்கு அளவுக்குத் துண்டு விழுவது இயல்பு. டெண்டர் வாக்கு என்ற நெடுவரிசையும் உண்டு; தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதால் தனிச் சீட்டில் போடப்படும் வாக்கு அது. அதில் உள்ளவை முடிவில் சேராதவை, கூட்டிவிடாதீர்கள்.

நோட்டாவை வகுக்கும் எண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்து ஒரே வேட்பாளருக்கு இரண்டு சதவீதங்கள் கிடைக்கும். ஆணையத்தின் முடிவுப் பக்கம் நோட்டாவுக்கும் சதவீதம் தருகிறது. வேட்பாளர் வைப்புத்தொகையை இழந்தாரா என்று கணக்கிடும்போது நோட்டா செல்லத்தக்க வாக்கில் சேராது. இரண்டும் சரி, எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிட்டால் போதும்.

இலங்கையின் 2024 அதிபர் தேர்தலில் வென்றவருக்கு 42.31 சதவீதம் என்றும் 55.89 சதவீதம் என்றும் இரண்டு எண்கள் உலவின. முதலாவது முதல் எண்ணிக்கை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் அந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் அடுத்த தெரிவாகக் குறித்த விருப்பு வாக்குகள் சேர்ந்து, இருவர் மட்டும் மிஞ்சிய நிலையில் 57,40,179-உம் 45,30,902-உம் வந்தன. இந்த இரண்டைக் கூட்டி வகுத்தால் 55.89. ஒரு கோப்பில் ஒன்றும் இன்னொரு கோப்பில் மற்றொன்றும் இருந்தால் தரவு முரண்படுகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

100 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவும் எப்போதும் மோசடி ஆகாது. தேர்தல் பணிச் சான்றோடு வரும் ஊழியர்கள் தங்கள் பெயர் இல்லாத சாவடியில் வாக்களிப்பார்கள். சிறிய சாவடியில் அது மொத்தத்தைத் தூக்கிவிடும். முழு 100 சதவீதமும் அப்படித்தான். குஜராத்தில் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்திருக்கிறார்கள். அவர் வந்தால் நூறு, வராவிட்டால் பூஜ்யம்.

படி 6: சதவீதத்தை விட்டு வாக்குக்கு வாருங்கள்

கென்யாவின் 2022 முடிவில் நான்கு வேட்பாளர்களின் சதவீதங்கள் 50.49, 48.85, 0.44, 0.23. கூட்டினால் 100.01. ஆணையத்தின் நான்கு உறுப்பினர்களே இதைக் காட்டி, அந்த 0.01 சதவீதம் சுமார் 1,42,000 வாக்குக்குச் சமம் என்று பொதுவெளியில் சொன்னார்கள். செல்லத்தக்க வாக்குகள் சுமார் 1 கோடியே 42 லட்சம். அதில் 0.01 சதவீதம் என்பது சுமார் 1,420 மட்டுமே. அவர்கள் சொன்னது 1 சதவீதத்தின் அளவு. அந்த 1,420-உம் உண்மையில் இல்லை. கடைசி வேட்பாளரின் 31,987 வாக்கை மொத்தத்தால் வகுத்தால் 0.22505 வரும், முழுமையாக்கும்போது 0.23 ஆகிறது. மூன்றாமவரின் 0.4360 என்பது 0.44 ஆகிறது. இப்படி மேல்நோக்கித் தள்ளப்பட்ட துணுக்குகள் சேர்ந்துதான் அந்த 0.01. சதவீதங்கள் 99.98 முதல் 100.02 வரை அலைவது சாதாரணம்.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை உண்டு, அது கூர்மையானது. வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28 தேர்தலுக்குப் பின் ஆணையம் முதலில் அறிவித்த எண்கள்: முதலிடத்தவர் 51,50,092, அடுத்தவர் 44,45,978, மற்றவர்கள் 4,62,704. மொத்தம் 1,00,58,774. அறிவித்த சதவீதங்கள் 51.2, 44.2, 4.6. கணிப்பானில் 51,50,092-ஐ மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: 51.19999… என்று வரும். அடுத்தது 44.199998…, மூன்றாவது 4.600003… உண்மையான எண்ணிக்கையில் முதல் தசம இடத்துக்குப் பின் ஏதாவது எண்கள் சிதறிக் கிடக்கும். இங்கே மூன்றிலும் ஒரு தசமத்தோடு அப்படியே நின்றுவிடுகிறது. தலைகீழாகச் செய்யுங்கள்: மொத்தத்தை 0.512-ஆல் பெருக்கினால் 51,50,092.29. முழு எண்ணாக்கினால் அறிவித்த அதே எண்.

இது தற்செயலாக நடக்கக்கூடியதா? 0.1 சதவீதம் என்பது அங்கே சுமார் 10,000 வாக்கு. அதில் குறிப்பிட்ட ஒரே எண்ணில் வந்து நிற்க 10,000-இல் ஒரு வாய்ப்பு. இரண்டு எண்கள் சேர்ந்து நிற்க 10 கோடியில் ஒன்று. மூன்றாவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், முதல் இரண்டும் அமைந்தால் அது தானாக அமையும். ஆகவே அறிவித்தவை சதவீதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட எண்கள் என்று சொல்லலாம். அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. யாரோ சதவீதத்தை மட்டும் கொடுக்க, அறிக்கை எழுதியவர் வாக்காக மாற்றியிருக்கவும் கூடும். அதைத் தீர்க்கச் சாவடித் தாள் வேண்டும். ஆணையம் சாவடிவாரி முடிவை வெளியிடவில்லை. எதிர்த்தரப்பு தன் முகவர்களிடமிருந்து திரட்டிய தாள்களை இணையத்தில் ஏற்றியது.

படி 7: இல்லாததைத் தேடுங்கள்

கோப்பில் உள்ள எண்களைச் சரிபார்ப்பவர்கள் கோப்பில் இல்லாத வரியை மறந்துவிடுவார்கள். சாவடிகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலைத் தனியாக எடுத்து, இரண்டையும் குறியீட்டால் பொருத்துங்கள். பட்டியலில் இருந்து கோப்பில் இல்லாதவை, கோப்பில் இருந்து பட்டியலில் இல்லாதவை, இருமுறை வந்தவை என்று மூன்று சிறு பட்டியல்கள் கிடைக்கும். துணைச் சாவடிகள் ‘12அ’ போன்ற பெயரில் ஒளிந்திருக்கும், அவற்றையும் பாருங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2011 ஏப்ரலில் நடந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலில், வாக்கஷா மாவட்டத்தின் முதல் அறிக்கையில் புரூக்ஃபீல்டு நகரத்தின் 14,315 வாக்குகள் முழுவதுமாக விடுபட்டிருந்தன. அதுவரை மாநில அளவில் வித்தியாசம் 204 மட்டுமே. அந்த நகரம் சேர்ந்ததும் பின்தங்கியவர் 7,000-க்கும் மேல் முன்னிலைக்கு வந்துவிட்டார். அதே நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020-இல் எல்லா வாக்குச்சீட்டுகளையும் கையால் எண்ணியபோது, ஃபிளாய்டு மாவட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட சீட்டுகள் முதல் எண்ணிக்கையில் ஏறாமல் கிடந்தது தெரிந்தது.

நெடுவரிசை நகர்வும் இதே வகை. மிச்சிகனின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 2020 தேர்தல் இரவில் பைடன் சுமார் 3,000 வாக்கு முன்னிலை என்று வெளியானது. நீண்டகாலமாக மறுதரப்பின் கோட்டை அது. வாக்குச்சீட்டு வடிவம் கடைசி நேரத்தில் மாறியிருக்க, எல்லாக் கருவிகளிலும் புதிய அமைப்பை ஏற்றவில்லை. அதனால் ஒருவரின் வாக்கு அடுத்தவரின் கட்டத்தில் விழுந்தது. திருத்திய பின் டிரம்ப் சுமார் 3,800 முன்னிலை. டிசம்பரில் கையால் எண்ணியபோதும் ஏறக்குறைய அதேதான் வந்தது. உங்கள் கோப்பில் இதைப் பிடிக்க, சென்ற தேர்தலின் அதே சாவடியோடு ஒப்பிடுங்கள். அக்கம்பக்கத்துச் சாவடிகள் சிறிதளவே மாறியிருக்க, ஒன்றில் மட்டும் இருவரும் அப்படியே இடம் மாறியிருந்தாலோ, பெரிய கட்சிக்குப் பூஜ்யமும் சுயேச்சைக்கு நானூறும் இருந்தாலோ தாளை எடுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை நடக்கும்போதே வரும் தரவுக்கு ஒரு எச்சரிக்கை. ‘80 சதவீதச் சாவடிகள் முடிந்தன’ என்றால் 80 சதவீத வாக்குகள் முடிந்தன என்று பொருளில்லை. பெரிய சாவடிகளும் தபால் வாக்குகளும் பிந்தி வந்தால் போக்கு திரும்பும். போக்கு திரும்பியது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது.

படி 8: தாளும் கோப்பும்: சீட்டுக் குலுக்கல்

எல்லாத் தாள்களையும் பார்க்க ஆளில்லையென்றால் மாதிரி எடுக்க வேண்டும். கண்ணில் பட்டதை எடுப்பது மாதிரி ஆகாது. சாவடிகளுக்கு வரிசை எண் கொடுத்து, கணினியின் சீரற்ற எண் வாய்பாட்டால் தேர்ந்தெடுங்கள். அதன் தொடக்க எண்ணைப் பகடை உருட்டி எல்லோர் முன்னிலையிலும் தீர்மானித்தால் ‘உங்களுக்கு வேண்டியதை எடுத்தீர்கள்’ என்ற பேச்சு எழாது. 2017 முதல் மாநிலம் முழுவதும் வாக்குச்சீட்டுத் தணிக்கை நடத்திவரும் கொலராடோவில், பத்து முகப் பகடைகளை உருட்டி இருபது இலக்கத் தொடக்க எண் எடுக்கிறார்கள்.

எத்தனை தாள் போதும்? 300 தாளைப் பார்த்து ஒரு பிழையும் இல்லையென்றால், மொத்தக் கோப்பில் பிழையுள்ள வரிகள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். சுருக்கக் கணக்கு: 3-ஐத் தாள்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 100 தாள் என்றால் 3 சதவீதம் வரைதான் உறுதி சொல்ல முடியும். ஒரு பிழை கிடைத்துவிட்டால் 3-க்குப் பதில் 4.7-ஐ வையுங்கள்.

இரண்டு பேர், ஒருவர் மற்றவரின் திரையைப் பார்க்காமல், ஒரே தாளைத் தட்டச்சு செய்து ஒப்பிடுவதுதான் நல்ல முறை. கோப்பில் உள்ள எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு தாளைப் படித்தால் கண் அதையே படிக்கும். வருடிய பிடிஎஃப்பிலிருந்து எழுத்துணரி மென்பொருளால் எடுத்த எண்கள் என்றால், படி 4-இன் கூட்டல் சோதனையில் தேறாத எல்லா வரிகளையும் கையால் பாருங்கள்.

சந்தேகத்துக்குரிய சாவடிகளைத் தனியாகத் தேர்ந்து பார்ப்பதும் நல்லதே. அந்தக் கணக்கை மட்டும் குலுக்கல் மாதிரியோடு கலக்காதீர்கள்.

படி 9: புள்ளியியல் சோதனைகள், கடைசியாக

பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். அதனால்தான் இணையத்தில் இத்தனை தவறான குற்றச்சாட்டுகள்.

பென்ஃபோர்டு விதிப்படி, பல மடங்கு அளவு வேறுபாடுள்ள எண் கூட்டத்தில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம், 9 ஆக இருப்பது 4.6 சதவீதம். சாவடி வாக்குகளுக்கு இது பொருந்தாது. ஒரு சாவடியில் 500 முதல் 900 பேர் வாக்களிக்க, ஒருவருக்கு 40 முதல் 60 சதவீதம் கிடைத்தால் அவர் வாக்கு 200-க்கும் 540-க்கும் இடையில் நிற்கும். முதல் இலக்கம் 2, 3, 4, 5 தவிர வேறு வராது. விதி மீறப்பட்டதாக வரைபடம் கத்தும். மீறியது யாரும் இல்லை.

கடைசி இலக்கச் சோதனை ஓரளவு பயன்படும். மூன்று இலக்க எண்களில் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறத்தாழச் சமமாகப் பரவ வேண்டும். மனிதர் மனத்தில் எண்ணை உருவாக்கினால் அப்படிப் பரவாது. 1,000 தாளில் ஒவ்வோர் இலக்கமும் 100 முறை எதிர்பார்க்கலாம், 81 முதல் 119 வரை இயல்பு. பத்து இலக்கங்களைச் சோதித்தால் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்ட ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்புண்டு. ஆகவே தனி இலக்கத்தைப் பிடித்துத் தொங்காமல், பத்து இலக்கங்களும் சேர்ந்து எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனையை மொத்தத்துக்கும் போடுங்கள். பத்து இலக்கங்கள் என்பதால் 9 கட்டின்மைப் படி; அதற்கு எல்லை 16.9, விடை அதைத் தாண்டினால் மட்டும் கவனியுங்கள். நூறுக்குக் குறைவான வாக்குகளை முன்பே நீக்கிவிடுங்கள்.

மூன்றில் எனக்கு மதிப்பு அதிகம் வாக்குப்பதிவு வரைபடத்தின் மீதுதான். கிடை அச்சில் சாவடியின் வாக்குப்பதிவு சதவீதம், செங்குத்து அச்சில் வென்றவரின் பங்கு. இயல்பான தேர்தலில் புள்ளிகள் ஒரு மேகமாகத் திரளும். நகரமும் கிராமமும் வேறானால் இரண்டு மேகம் வரலாம். கள்ள வாக்குகளால் பெட்டி நிரப்பிய இடங்களில் மேகத்திலிருந்து ஒரு வால் கிளம்பி 100-க்கு 100 மூலையை நோக்கி நீளும். ரஷ்யத் தேர்தல் தரவில் இந்த வாலும், 75, 80, 85 என்ற உருண்டைச் சதவீதங்களில் கூரான முகடுகளும் ஆய்வாளர்களால் பலமுறை காட்டப்பட்டுள்ளன. நீங்கள் முகடு தேடும்போது 500 வாக்காளருக்குக் குறைந்த சாவடிகளை நீக்குங்கள். 40 பேர் உள்ள சாவடியில் 30 பேர் வந்தாலே 75 சதவீதம். அதில் யார் குற்றமும் இல்லை.

இந்தச் சோதனைகள் எந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம் என்று கை காட்டும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது.

படி 10: கண்டதை எழுதும் விதம்

ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு வரி: சாவடிக் குறியீடு, மூலக் கோப்பின் பெயர், பக்க எண், கோப்பில் உள்ள எண், தாளில் உள்ள எண், வித்தியாசம், யாருக்குச் சாதகம், கருதும் காரணம், நிலை. காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

மொத்தம் போடும்போது இரண்டு எண் தேவை. ஒன்று, கூடுதல் குறைவை ஒன்றுக்கொன்று கழித்த நிகர வித்தியாசம். மற்றது, குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கூட்டியது. நிகரம் 5 என்று காட்டி, அடியில் இருபக்கமும் 400 வாக்கு இடம் மாறியிருப்பதை மறைத்துவிடலாம். இரண்டையும் வெற்றி வித்தியாசத்தின் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 1,200, பிழைகள் எல்லாம் சேர்ந்து 85 என்றால் இந்தப் பிழைகளால் முடிவு மாறாது என்று தலைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

வெளியிடுமுன் தேர்தல் நடத்திய அலுவலகத்துக்குச் சாவடி எண்களோடு எழுதிக் கேளுங்கள். ‘தரவு பிழையாக உள்ளது’ என்ற பொதுக் கடிதத்துக்குப் பதில் வராது, ‘சாவடி 114, மூன்றாம் நெடுவரிசை, 247-ஆ 274-ஆ’ என்பதற்கு வரும். அவர்கள் கோப்பைத் திருத்தினால் பழைய பிரதியை அழிக்காமல், புதியதைத் தேதியோடு பக்கத்தில் சேமித்து, படி 4-இலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.